"குதிக்கும்போது ஏமாத்துது"

தேர்வுக்கு வந்த இளைஞர் தாளின் கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "மேடை விளிம்புல குதிக்கும்போது சில சமயம் ஏமாத்துது." எந்த மேடை, எத்தனை முறை குதித்ததில் எத்தனை முறை தவறியது, பட்டனை எப்போது அழுத்தினார் என்று எதுவும் இல்லை. கேம் டெஸ்டர் வேலைக்கான தேர்வில் அப்படிப்பட்ட வரிக்கு மதிப்பெண் கிடையாது. அவருக்கும் கிடைக்கவில்லை.

நேர்காணல் முடியும்போது அவர் கேட்டார்: "சார், நல்லா விளையாடத் தெரிஞ்சவங்க வேணுமா, நல்லா எழுதத் தெரிஞ்சவங்க வேணுமா?"

"எழுதத் தெரிஞ்சவங்கதான்" என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில்தானா என்பதில்தான் மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

சொன்னதற்குக் காரணம் உண்டு. "கதவு திறக்கல" என்று ஒரு டிக்கெட் (பிழைப் புகார்) வந்தால் டெவலப்பர் தன் கணினியில் ஓட்டிப் பார்ப்பார், கதவு திறக்கும், "இங்கே வரவில்லை" என்று மூடிவிடுவார். அதையே இப்படி எழுதலாம்: "இரண்டாம் லெவல். சாவியை எடுத்ததும் பாஸ் செய்து மெயின் மெனுவுக்குப் போகவும். 'தொடர்க' கொடுக்கவும். கதவருகே போகவும். திறக்க வேண்டும்; திறக்கவில்லை. 10 முறையில் 10 முறையும்." இதைப் படித்ததுமே சேவ் ஃபைலில் சாவி பதிவாகவில்லை என்று அவருக்குப் பொறி தட்டிவிடும். பில்ட் எண் (கேமின் எந்தப் பதிப்பு என்பது), எந்தக் கருவி, ஒரு வீடியோ, கேம் தானே எழுதிவைக்கும் லாக் ஃபைல் ஆகியவையும் சேர்ந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. 10க்கு 2 முறை மட்டும் வரும் பக் (பிழை) என்றால் அந்த எண்ணிக்கையை எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் டெவலப்பர் மூன்று முறை பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பாதிப்பும் அவசரமும் வேறு வேறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முகப்புத் திரையில் கேமின் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தால் ஆட்டத்துக்குப் பாதிப்பு ஒன்றுமில்லை, ஆனால் அன்றைக்கே திருத்தியாக வேண்டும்.

கேம் மேல் உயிராக இருப்பவர்கள் இந்த வேலையில் சீக்கிரம் களைத்துப்போவதையும் பார்த்திருக்கிறேன். இதில் விளையாடுவது கொஞ்சம்தான். ஒரு அறையின் எல்லாச் சுவர்களிலும் பாத்திரத்தை ஒட்டி நடக்கவைத்து, எங்காவது உள்ளே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு திரையிலும் கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டித்து என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். கன்சோல் நிறுவனங்களின் சான்றிதழ் சோதனையில் இதுவும் உண்டு. இரவு முழுக்க கேமை ஓடவிட்டு, காலையில் நினைவகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். நேற்று திருத்திய பக் இன்றைய பில்டில் திரும்பி வந்துவிட்டதா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும். விருப்பத்தை மட்டும் நம்பி வருபவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லதுதான்.

ஆனால் அந்த இளைஞர் எழுதிய வரி உண்மை.

விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி விநாடி. பாத்திரம் விளிம்பைத் தாண்டிய மறு ஃபிரேமிலேயே "தரையில் இல்லை" என்று கணக்காகிவிடும். விளையாடுபவரின் கண்ணுக்கு அது இன்னும் மேடையில்தான் நிற்கிறது. இரண்டு மூன்று ஃபிரேம் தாமதமாகப் பட்டன் விழுந்தால் குதிப்பு நடக்காது, பாத்திரம் நேரே பள்ளத்தில் விழும். நிரலைப் பொறுத்தவரை எல்லாம் சரி, கையைப் பொறுத்தவரை கேம் ஏமாற்றிவிட்டது. இதற்கு மருந்து எளிது. விளிம்பைத் தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் குதிப்பை அனுமதிக்க வேண்டும். 2018இல் வந்த 'செலஸ்ட்' கேமில் இந்தச் சலுகை 0.1 விநாடி, அதாவது ஆறு ஃபிரேம். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்தினாலும் அதை நினைவில் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கவைப்பது இதன் மறுபக்கம். தேர்வுக்குக் கொடுத்த சிறு கேமில் இரண்டும் இல்லை. அதை உணர்ந்து எழுதியவர் அவர் ஒருவர்தான். வேலை கிடைத்தவரின் தாளில் பக்கை வரவைக்கும் படிகளெல்லாம் அச்சடித்ததுபோல் இருந்தன, குதிப்பைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

படிகள் எழுதுவதைச் சில வாரத்தில் பழக்கிவிடலாம். மூன்று ஃபிரேம் வித்தியாசத்தைக் கையால் உணர்வதைப் பழக்க முடியுமா? பல வருடம் ஆசையோடு விளையாடினால்தான் அது வரும் என்று தோன்றுகிறது. உடனே மறுவாதமும் எழுகிறது. உணர்ந்ததை அடுத்தவர் கையில் கொடுக்க முடியாவிட்டால் அது அவரோடேயே நின்றுவிடும். அதற்கும் வழி இருக்கிறது. திரையை 60 ஃபிரேமில் பதிவு செய்ய வேண்டும், எந்தப் பட்டன் அழுந்துகிறது என்பதும் திரை ஓரத்தில் தெரிய வேண்டும். பிறகு விஎல்சி பிளேயரில் 'ஈ' விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, கால் விளிம்பை விட்டதற்கும் பட்டன் விழுந்ததற்கும் இடையே எத்தனை என்று எண்ண வேண்டும். "விளிம்பைவிட்டு ஒரு ஃபிரேம் கழித்து அழுத்தினாலும் குதிப்பு ஏற்கப்படவில்லை" என்று எழுதிவிட்டால், 'ஏமாத்துது' என்ற அதே புகாரை யாரும் தள்ளிவிட முடியாது.

இதை அவரிடம் சொல்லவில்லை. நேர்காணல் பாடம் நடத்தும் இடமில்லை, வெளியே அடுத்தவர் காத்திருந்தார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் கேட்டது இரண்டில் எது என்று, அவருக்கு வேண்டியிருந்ததோ மூன்றாவது ஒன்று. கேம் செய்யும் மென்பொருளான காடோ எஞ்சின் இலவசம், யாரும் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. அதில் ஒரு அறை, இரண்டு மேடை, ஒரு குதிப்பு மட்டும் செய்து, சலுகை நேரத்தை 0 முதல் 0.15 விநாடி வரை மாற்றிப் பார்க்க ஒரு ஸ்லைடர் வைத்துக் காட்டியிருந்தால், டெஸ்டர் வேலையைத் தாண்டி டிசைன் பக்கமே பேச்சு போயிருக்கும். அதைச் செய்யும்போது வேறு சிக்கல்களும் பிடிபடும். நகர்வை டெல்டா நேரத்தால் (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரம்) பெருக்க மறந்தால், விநாடிக்கு 144 ஃபிரேம் ஓடும் 144 ஹெர்ட்ஸ் திரையில் 60 ஃபிரேமில் ஓடுவதைவிட பாத்திரம் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடும். 'செலஸ்ட்'டும் முதலில் நான்கே நாளில், சிறு கேம்கள் செய்வதற்கான பைக்கோ-8 மென்பொருளில் செய்த சிறு கேம்தான். 'ஹாஃப்-லைஃப்' கேம் பிடித்துப்போய் இருவர் அதை மாற்றிச் செய்த மாட் 1999இல் 'கவுன்டர்-ஸ்டிரைக்' ஆனது, அடுத்த வருடமே 'ஹாஃப்-லைஃப்'பைச் செய்த வால்வ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. விளையாட்டு மேல் இருந்த ஆசையை இவர்கள் அடுத்தவர் ஓட்டிப் பார்க்கும்படி ஒரு பொருளாகச் செய்து வைத்தார்கள்.

இப்படிச் சொன்னாலும் ஒரு உறுத்தல் பாக்கி. சிறு கேம் ஒன்றைச் செய்து முடிக்க நேரமும் கணினியும் வேண்டும். அவை இல்லாதவர் டெஸ்டர் வேலையைத்தான் முதல் படியாக நினைத்து வருகிறார். அந்தப் படியில் நிற்கும் நாங்கள் படிகள் எழுதத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.

தேர்வுத் தாளில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: "காரணம் தெரியாவிட்டாலும் கையில் தப்பாகப் பட்டவை." அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதில் குழுவுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஐந்து போதும் என்கிறார்கள் சிலர். ஐந்தைக் கூட்டினாலும் அவருடைய தாள் தேறாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.