பழைய மெர்சிடிஸ் எம்எல், ஜிஎல்: எது போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்

பத்து வருடம் ஓடிய மெர்சிடிஸ் எம்எல் 350 டீசலை, புது இன்னோவா வாங்கும் காசில் எடுத்துவிட்டு மிச்சமும் வைக்கலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை பக்கம் இப்படி எடுத்தவர்கள் நிறைய. வண்டி விலை வருடா வருடம் இறங்கும், ஸ்பேர் விலை இறங்காது. அதனால்தான் எடுத்தவர்களில் பலர் முதல் பெரிய பில்லைப் பார்த்ததும் வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள்.

ஷோரூம் பில் பெரிதாக இருப்பதற்குக் காரணம் எப்போதும் ஏமாற்று வேலை இல்லை. அவர்கள் அசெம்பிளியாக மாற்றுகிறவர்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம் போயிருந்தாலும் முழு யூனிட்டையும் கழற்றிப் புதிது போடுவார்கள். வேலைக்கு உத்தரவாதம் தரவேண்டும், நேரமும் மிச்சமாகும். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு அது சரி. பத்து வருட வண்டிக்கு அந்த வழியில் போனால் வண்டி விலையே பில்லாக வந்துவிடும். எந்தச் சின்னப் பொருள் போயிருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தால்தான் மிச்சம் பிடிக்க முடியும்.

எம்எல் 350, ஜிஎல் 350 டீசல் வண்டிகள் இரண்டிலும் இருப்பது ஓஎம் 642 என்ற 3 லிட்டர் வி6 டீசல் எஞ்சின். அடித்தால் அடி தாங்கும் எஞ்சின். ஆனால் அதற்கென்று ஒரு வியாதி உண்டு: ஆயில் ஒழுக்கு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அடியில் எண்ணெய் சொட்டும். லிஃப்டில் ஏற்றிப் பார்த்ததும் அனேகமாகக் கேட்கிற பதில், "ரியர் மெயின் சீல் போச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்." ரியர் மெயின் சீல் என்பது எஞ்சினின் பின்முனையில் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் சீல். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். இந்த எஞ்சினில் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், டர்போவுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் அடியில் படுத்திருக்கிறது. அதன் அடியில் இரண்டு ரப்பர் சீல்கள். ஆரம்பத்தில் வந்தவை ஆரஞ்சு நிறம். சூட்டில் வெந்து பிளாஸ்டிக் போல விறைத்துவிடும். பிறகு எண்ணெய் பள்ளத்தில் தேங்கி, எஞ்சினின் பின்பக்கம் வழியாக வடிந்து கியர்பாக்ஸ் கூட்டின் மேல் இறங்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு அது மெயின் சீல் ஒழுக்கு மாதிரியே தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். எஞ்சின் மேல் மூடியைக் கழற்றுங்கள். செல்போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை டர்போவுக்குப் பக்கத்து இடைவெளியில் பள்ளத்துக்குள் இறக்குங்கள். அங்கே கறுத்த எண்ணெய் குளம் கட்டி நின்றால் குற்றவாளி கூலர் சீல்தான். பள்ளம் காய்ந்து, பின்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அப்புறம் மெயின் சீலைப் பற்றிப் பேசலாம். சந்தேகம் தீரவில்லையா, பிரேக் கிளீனர் அடித்துக் கழுவிவிட்டு, நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரை ஒரு தடவை போய்வந்து மறுபடியும் பாருங்கள்.

சீல் இரண்டும் மலிவு. புதிதாக வருபவை ஊதா நிறம், விட்டான் ரப்பர். கடைக்காரர் ஆரஞ்சு நிறத்தை எடுத்து நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செலவு முழுக்க லேபரில்தான். டர்போ, இரண்டு பக்க இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் வெளியே வரவேண்டும், ஒழுங்காகச் செய்தால் இரண்டு நாள் வேலை. டர்போவின் எக்ஸாஸ்ட் போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடச் சொல்லுங்கள். கடற்கரை வண்டிகளில் அந்த போல்ட்டுகள் ஒடிவது சாதாரணம். மேனிஃபோல்டைத் தூக்கிய அடுத்த நிமிடமே இன்டேக் துளைகளைத் துணி வைத்து டேப் ஒட்டி அடைத்தாக வேண்டும். உள்ளே ஒரு நட்டு விழுந்தால் சீல் வேலை எஞ்சின் வேலையாகிவிடும். மேனிஃபோல்டு கேஸ்கட் புதிது போட வேண்டும், பழையதைத் துடைத்துப் போடக்கூடாது.

இவ்வளவும் கழற்றியிருக்கும்போது இன்னொரு பொருளையும் மாற்றிவிடுங்கள். காற்றுக்குழாய் டர்போவில் நுழையும் வாயில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவி அங்கே படிந்து, சீல் விறைத்ததும் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதற்கு நேர் கீழே இருப்பது, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றைத் திருப்பும் மடல்களை அசைக்கும் ஸ்விர்ல் ஃப்ளாப் மோட்டார். எண்ணெய் மோட்டாருக்குள் போய் எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கும், செக் எஞ்சின் விளக்கு எரியும், வண்டி தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போய் இழுக்காமல் நிற்கும். ஷோரூம் எஸ்டிமேட்டில் இது மேனிஃபோல்டோடு சேர்ந்து வரும், தொகையைப் பார்த்தால் மயக்கம் வரும். அந்த ரப்பர் சீலை ஒவ்வொரு ஏர் ஃபில்டர் மாற்றும்போதும் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஆயில் மாற்றுவதில் ரகசியம் எதுவும் இல்லை. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் டீசல் ஃபில்டர்) உள்ள வண்டிக்கு டப்பாவின் பின்பக்கம் மெர்சிடிஸ் 229.51 என்ற அங்கீகார எண் அச்சிட்டிருக்க வேண்டும். 5டபிள்யூ30 என்பது மட்டும் போதாது. மாடலைப் பொறுத்து 8 முதல் 8.5 லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் மான் கம்பெனியின் எச்யூ 821 எக்ஸ். ஃபில்டர் மூடியை 25 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் விரியும். கம்ப்யூட்டர் சொல்லும் நீண்ட இடைவெளியை நம்ப வேண்டாம், நம் சூட்டுக்கும் டவுன் ஓட்டத்துக்கும் 10,000 கி.மீ. போதும்.

அடுத்தது ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு. காற்றை நிரப்புவது கம்ப்ரசர், பையோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்தான் ஸ்ட்ரட். காலையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், ஷோரூமில் "கம்ப்ரசரும் ஸ்ட்ரட்டும்" என்று ஒன்றாக எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் முதலில் போவது கம்ப்ரசர் இல்லை. எங்கோ ஒரு சின்னக் காற்றுக் கசிவு, அதை ஈடுகட்ட ஓய்வில்லாமல் ஓடி ஓடிக் கம்ப்ரசர் கருகுகிறது. கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்குப் போகும்.

சோதனைக்கு ஓர் அளவு டேப்பும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் போதும். சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபென்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். 12 மணி நேரம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும், கதவைத் திறப்பதற்கு முன்பே. கதவைத் திறந்தால் சிஸ்டம் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும், அளவு பொய்யாகிவிடும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பையோ அதற்குப் போகும் குழாயோ. பல மூலைகள் சேர்ந்து இறங்கினால் காற்றை மூலைகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக் பக்கம் பாருங்கள். இறங்கிய மூலையில் ரப்பர் மடிப்பிலும், ஸ்ட்ரட் தலையில் குழாய் சேரும் பித்தளை வால்விலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் பூசுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் கடுகு அளவுக் குமிழிகள் கொத்தாகக் கிளம்பும். வால்வு என்றால் கொஞ்ச காசோடு போயிற்று. ரப்பர் மடிப்பு வெடித்திருந்தால் ஸ்ட்ரட் மாற்றித்தான் ஆகவேண்டும். ஆர்னாட், பில்ஸ்டைன் போன்றவற்றில் ஷோரூம் விலையைவிட நன்றாகக் குறைத்துக் கிடைக்கும். கம்ப்ரசர் மாற்றினால் அதன் ரிலேயையும் கட்டாயம் மாற்றுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிச் செத்துப்போகும்.

காற்றில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஜாக்கி, ஸ்டாண்ட் இல்லாமல் ஒருபோதும் தலையைக் கொடுக்காதீர்கள். ஒரு வால்வு திறந்தால் இரண்டு டன்னுக்கு மேல் எடை சட்டென்று கீழே உட்கார்ந்துவிடும்.

கியர்பாக்ஸ் ஏழு கியர் 722.9. 60,000 கி.மீ.க்கு ஒரு முறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். சிவப்பு எண்ணெய் 236.14, நீல எண்ணெய் 236.15, எது போகும் என்பது கியர்பாக்ஸ் எந்த வருடத்தது என்பதைப் பொறுத்தது, சேஸிஸ் நம்பரை வைத்து உறுதி செய்துவிட்டு வாங்குங்கள். லெவல் பார்ப்பது எண்ணெய் 45 டிகிரியில் இருக்கும்போது, ஸ்கேனரில் சூட்டை நேரடியாகப் பார்த்துக்கொண்டு. நம்மூர் மதிய வெயிலில் 45ஐத் தாண்ட அதிக நேரம் ஆகாது, காலையில் ஆரம்பிப்பது நல்லது. வண்டி ஒரே கியரில் சிக்கிக்கொண்டால் உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட் என்ற சென்சார் தட்டில் ஸ்பீட் சென்சார் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குக் கியர்பாக்ஸ் மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் ஒன்று: அந்த பிளேட் வண்டியோடு கோடிங் மூலம் பூட்டப்பட்டது, பழைய வண்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் வேலை செய்யாது.

ஸ்பேர் வாங்கும் முறை இது. சேஸிஸ் நம்பரின் 17 எழுத்துகளையும் ஆன்லைன் கேட்டலாக்கில் போட்டால் 'ஏ' என்று தொடங்கும் பார்ட் நம்பர் வரும். அதே பொருளைச் செய்து மெர்சிடிஸுக்குக் கொடுக்கிற கம்பெனிகள் தங்கள் பெட்டியிலும் விற்கின்றன: கன்ட்ரோல் ஆர்ம் லெம்ஃபோர்டர், பிரேக் பேட் டெக்ஸ்டார், ஃபில்டர் மான். சில பொருள்களில் நட்சத்திரச் சின்னம் இருந்த இடத்தை அரைத்து எடுத்த தடம்கூடத் தெரியும். கண்ணாடி, ஹெட்லைட், கதவு, சீட் போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை போகலாம். புஷ், ஏர் ஸ்ட்ரட், ஏர்பேக் இவற்றைப் பழையதில் வாங்காதீர்கள். ஐகார்சாஃப்ட், லாஞ்ச், ஆட்டெல் போல எல்லா மாட்யூல்களையும் படிக்கும் ஸ்கேனர் ஒன்று சொந்தமாக இருக்கட்டும். எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவு டாங்கிள் இந்த வண்டிக்கு உதவாது.

இனி நம் மாவட்டத்துக்கே உரியவை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வண்டி நிற்குமானால் உப்புக்காற்று அடிப்பாகத்தைத் தின்னும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள், எர்த் வயர் முனைகளைக் கழற்றித் தேய்த்து கிரீஸ் பூசுங்கள். விளக்கு மின்னுவது, தேவையில்லாத எச்சரிக்கை வருவது எல்லாம் பல நேரம் துருப்பிடித்த எர்த் முனைதான். கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. மெர்சிடிஸ் 325.0 அங்கீகாரம் உள்ள கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், பாதிக்குப் பாதி.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு இருப்பவர்களுக்கு இலை உதிரும் காலம் முடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது. சன்ரூஃப் வடிகால் நான்கையும் சுத்தம் செய்யுங்கள். ஆனி ஆடிச் சாரலுக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை. கம்பி விடாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள், உள்ளே குழாய் மூட்டு கழன்றுவிடும். புல்வெட்டும் மிஷினில் போடும் நைலான் கயிறு போதும். பிறகு மூலையில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் அது வண்டிக்குள் தரைவிரிப்புக்கு அடியில் போகிறது. முன் சீட்டுக்கு அடியில்தான் பேட்டரி இருக்கிறது, வயரிங் மூட்டுகளும் அங்கேதான்.

டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டியில் டிபிஎஃப் அடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காவல்கிணறு தாண்டி நான்கு வழிச் சாலையில் அரை மணி நேரம், 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் விடுங்கள். இடையில் எஞ்சினை அணைக்க வேண்டாம்.

களியக்காவிளைக்கு அப்பாலிருந்து கேஎல் (கேரள) நம்பர் வண்டி எடுப்பவர்கள் அங்குள்ள ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று (என்ஓசி), டிஎன் 74 அல்லது டிஎன் 75க்கு மாற்றும் லைஃப் டாக்ஸ் இரண்டையும் கணக்குப் போட்டபிறகு விலை பேசுங்கள்.

எந்த வர்க்‌ஷாப்பில் விட்டாலும் வேலை தொடங்குமுன் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேபர் தனியாக, பார்ட் தனியாக, பார்ட் நம்பரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியில் விறைத்த ஆரஞ்சு சீல்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்தபிறகு பில்லைக் கட்டுங்கள்.