ஆவாரம்பூவுக்கு எந்த மை?

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை என் கைக்கு வந்துவிடும். பொங்கலுக்கு உறவுக்காரர்களுக்கும் சிநேகிதிகளுக்கும் வாழ்த்து அட்டையைக் கையாலேயே செய்து தபாலில் அனுப்புகிற பழக்கம் எனக்கு. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, மை தொட்டுப் படம் பதிக்கிற ஸ்டாம்பில் எந்த செட் வாங்கலாம் என்பதுதான். நான் எப்போதும் சொல்வது இதுதான்: தொடங்குவதற்கு ஒரே ஒரு ஸ்டாம்ப் போதும், காசை மையிலும் அட்டையிலும் போடுங்கள். மையும் அட்டையும் பொருந்திவிட்டால் அழிரப்பரில் செதுக்கின பூகூடப் பளிச்சென்று விழும். பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஸ்டாம்பும் திட்டுத் திட்டாகத்தான் விழும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுவது வேறு, பிக்மென்ட் பிரின்ட் அடிப்பது வேறு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சாயம் நூலுக்குள் இறங்கிவிடும். பிக்மென்ட் என்கிற நிறப்பொடி உள்ளே இறங்காது. பைண்டர் என்கிற பசையோடு சேர்ந்து துணியின் மேல் உட்காரும், அதை 150 டிகிரி வாக்கில் சூடு காட்டிப் பிடிக்க வைப்பார்கள். ஸ்டாம்ப் மையிலும் இதே இரண்டு வகைதான் அடிப்படை. சாய மை அட்டைக்குள் இறங்கிச் சட்டென்று காயும். கோடு மெல்லியதாக வரும். வெயிலில் வைத்தால் நாளாக நாளாக வெளுக்கும். பிக்மென்ட் மை மேலாக நிற்கும். நிறம் அடர்த்தியாக இருக்கும். காய நேரம் கேட்கும்.

அட்டையின் நிறம் கருத்திருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். பழுப்பு கிராஃப்ட் அட்டையில் மஞ்சள் சாய மையை வைத்தால் பூ அப்படியே காணாமல் போய்விடும். பிக்மென்ட் மஞ்சள் தெரியும், ஆனாலும் கொஞ்சம் மங்கல்தான். முதலில் வெள்ளை பிக்மென்டை வைத்து, நன்றாகக் காயவிட்டு, அதே இடத்தில் மஞ்சளை வைத்தால்தான் ஆவாரம்பூவின் மஞ்சள் கிடைக்கும். அதே இடத்தில் மறுபடி வைப்பதற்கு மிஸ்டி என்று மூடி போட்ட பலகை ஒன்று விற்கிறது. அட்டையைக் காந்தத்தால் மூலையோடு பிடித்து வைத்து, ஸ்டாம்பை மூடியில் ஒட்டி, புத்தகம் மூடுவது மாதிரி மூடினால் எத்தனை தடவை வைத்தாலும் இம்மி பிசகாது. என்னிடம் இருப்பவற்றில் போட்ட காசுக்கு முழுசாக உழைக்கிற சாமான் இதுதான்.

கறுப்பு வாங்கும்போதும் எதற்கு என்று யோசித்து வாங்க வேண்டும். ஸ்டாம்ப் வைத்த கோட்டுக்குள் ஆல்கஹால் மார்க்கரால் நிறம் கொடுப்பதாக இருந்தால் மெமென்டோ என்ற சாய மை, ஏனென்றால் மார்க்கர் பட்டாலும் அது கலங்காது. வாட்டர்கலர் என்றால் வெர்சாஃபைன் என்ற மை. எண்ணெய் கலந்த பிக்மென்ட், காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் கோடு கலைந்து போகும். வழவழப்பான ஆர்ட் கார்டு என்றால் இரண்டுமே சரிப்படாது, ஸ்டேஸ்ஆன் மாதிரி, ஆவியாகிக் காய்கிற கரைப்பானில் செய்த சால்வென்ட் மை வேண்டும். எங்கள் ஊரில் இது முக்கியமான விஷயம். துணியில் தொங்கவிடுகிற டேக் அடிக்கிற பிரஸ்களில் அட்டைக் கழிவு நிறையக் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் பூச்சு பூசின அட்டையாக இருக்கும். நான் பார்த்துப் பொறுக்குவது கிராஃப்ட் அட்டையைத்தான். பூச்சு கிடையாது, மையை நன்றாக வாங்கும்.

கடையில் கிடைக்கிற செட்டுகளில் பனித்துளியும் ரோஜாவும்தான் அதிகம். நமக்கு வேண்டியது ஆவாரையும் பூளையும். போகியன்று வாசல் எறவானத்திலும் கட்டுத்தறியிலும் தோட்டத்திலும் வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுவது அதைத்தானே. பூப்பறிக்கிற நோம்பிக்கு (பண்டிகையை எங்கள் பக்கம் நோம்பி என்போம்) பிள்ளைகள் கூடையோடு போய்ப் பறிப்பதும் ஆவாரம்பூதான். இதை நாமே செதுக்கிக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஆவாரையைச் செதுக்குவதற்கு முன்னால் ஒரு கொத்தைப் பறித்து மேஜையில் வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ். ஓரம் நேராக இருக்காது, கசங்கின துணி மாதிரி சுருங்கியிருக்கும். நடுவிலிருந்து மூன்று கேசரங்கள் மட்டும் நீளமாக வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மற்றவை குட்டை. அந்த மூன்றையும் போட்டால்தான் அது ஆவாரை, விட்டுவிட்டால் ஏதோ ஒரு பூ. இலை ஜோடி ஜோடியாக வரும். காம்பின் அடியில் காது மாதிரி அகலமாக ஒரு சிற்றிலை இருக்கும். அதையும் நான் விடமாட்டேன், ஊர்க்காரர்கள் பார்த்தவுடன் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.

படத்தைப் பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைந்து, பென்சில் பக்கம் கீழே இருக்கும்படி ரப்பர் கட்டை மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறி இறங்கும். ஸ்டாம்ப் வைக்கும்போது நேராகிவிடும். செதுக்குகிறபோது உளியை அசைக்காமல் கட்டையைத் திருப்ப வேண்டும். வளைவு அப்படித்தான் வழுவழுவென்று வரும்.

பூளைக்கு மையைவிட, பவுடரை உருக்கிப் படத்தைப் புடைக்க வைக்கிற எம்பாசிங்தான் சரி. அந்தப் பஞ்சு போன்ற வெள்ளைக் கதிர், கிராஃப்ட் அட்டையின் மேல் புடைத்து நிற்கும்போது அத்தனை அழகு. முதலில் அட்டையில் துளி முகப்பவுடரைத் துணியில் முடிந்து ஒற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எம்பாசிங் பவுடர் கண்ட இடத்திலும் ஒட்டும். அப்புறம் வெர்சாமார்க் என்கிற நிறமில்லாத பிசுபிசுப்பு மையால் ஸ்டாம்ப் வைத்து, ஈரம் இருக்கும்போதே வெள்ளைப் பவுடரைக் கொட்டி, தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்ட வேண்டும். போன வருஷம் உதவிக்கு வந்த அண்ணன் மகள் கேட்டாள், “ஏனுங்க அத்தை, ஹேர் டிரையர் போதாதுங்களா?” போதாது. அதில் சூடு கம்மி, காற்று ஜாஸ்தி. பவுடர் உருகுவதற்குள் பறந்துவிடும். ஹீட் கன்னையும் முதலில் அட்டைக்கு அடியிலிருந்து காட்டினால் நல்லது. பார்த்துக்கொண்டே இருந்தால், மணல் மாதிரி சொரசொரவென்று இருந்த பவுடர் ஒரு ஓரத்தில் சட்டென்று பளபளக்கும், அந்தப் பளபளப்பு அப்படியே கதிர் முழுக்க நகர்ந்து போகும். அது கடைசி முனையைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் காட்டினால் உருகினது அட்டைக்குள் இறங்கி, எண்ணெய்க் கறையாகத் தட்டையாகிவிடும். ஆடி மாதம் இந்த வேலையைக் கையில் எடுக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு ஜன்னலை மூடினாலும் பவுடர் நிற்காது.

எழுத்துக்கு நான் போவது ரப்பர் ஸ்டாம்ப் கடைக்கு. கையெழுத்து, சீல் எல்லாம் செய்து தருகிற அதே கடைதான். படத்தை ஃபிலிமாக எடுத்து, போட்டோபாலிமர் மேல் வைத்துப் புற ஊதா வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் கழுவினால் போய்விடும். அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, எப்போதோ எழுதின இன்லேண்ட் லெட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் “நோம்பிக்கு வந்துருங்க கண்ணு” என்று ஒரு வரி. அதை ஸ்கேன் செய்து, கறுப்பைக் கூட்டி, ஸ்டாம்பாகச் செய்யக் கொடுத்தேன். எங்கள் அட்டைகளில் உள்பக்கம் இப்போது அந்த வரிதான். வாழ்த்துகள் என்று அச்சடித்ததை ஒருவரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை. இதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா வீட்டிலிருந்து போன் வந்தது, அந்த “ரு”வை அமுச்சி அப்படித்தானே கீழே இழுப்பார் என்று.

போட்டோபாலிமர் புதிதாக இருக்கும்போது மை முத்து முத்தாக உருளும். அழிரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

அட்டையை உருவமாக வெட்டுகிற டை விஷயத்துக்கு வருகிறேன். பிரஸ்ஸில் டை என்றால் பிளைவுட்டில் லேசரால் வழி வெட்டி, எஃகு பிளேடை வளைத்துச் சொருகி, பக்கத்தில் ரப்பர் துண்டு ஒட்டியிருப்பார்கள். வெட்டின அட்டையை அந்த ரப்பர் வெளியே தள்ளிவிடும். டிரெடில் மெஷினில் மாட்டி ஆயிரக்கணக்கில் வெட்டுவார்கள். நாம் வீட்டில் பயன்படுத்துவது ரசாயனத்தால் அரித்து எடுத்த மெல்லிய எஃகுத் தகடு. இரண்டு பிளாஸ்டிக் பலகைக்கு நடுவில் அட்டையையும் தகட்டையும் வைத்து உருளைக்கு நடுவே திருக வேண்டும். பலகையை ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போட்டால் வளையாது. நுணுக்கமான வெட்டு என்றால் தகட்டுக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர். அட்டை மாட்டிக்கொள்ளாமல் வந்துவிடும். டையில் நான் அதிகம் செலவு செய்வதில்லை. ஒரு வட்டம், ஒரு நீள்சதுரம், இலை ஒன்று. ஆவாரம்பூவுக்கு என்று தனி டை தேடி அலைவதைவிடக் கத்தரிக்கோலால் ஓரம் வெட்டுவதே உயிரோடு இருக்கிறது.

லண்டனில் 1843இல் ஹென்றி கோல் என்பவர் அச்சிடச் செய்த கிறிஸ்துமஸ் அட்டையும் கோட்டோவியத்தை லித்தோ என்கிற கல்லச்சில் அடித்து, நிறத்தைக் கையால் தீட்டினதுதான். கோடு அச்சிலும் நிறம் கையிலும் என்ற அந்த முறையே எனக்கும் பிடித்தது.

மடிப்புக்கு அட்டையின் நார்ப்போக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளைகிற திசையிலேயே மடியுங்கள். எதிர்த்து மடித்தால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை விளிம்பில் வெடிக்கும். கிரீஸ், அதாவது அழுத்தி மடிப்புக்கோடு, போட்டபின் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் வரும். மேடு உள்பக்கம் போகும்படி மடிக்க வேண்டும். பலரும் தலைகீழாக மடிக்கிறார்கள்.

கடைசியாகத் தபால். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். தாண்டினால் அடுத்த 20 கிராமுக்கு இன்னொரு 5 ரூபாய். 300 ஜிஎஸ்எம்மில் ஏ4 பாதி கிட்டத்தட்ட ஒன்பதரை கிராம், கவர் நாலரை. மிச்சம் இருப்பது ஆறு கிராம்தான். மேலே ஒரு மெல்லிய அட்டையும் ஒரு பூவும் ஒட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். ஃபோம் டேப் வைத்துத் தூக்கி ஒட்டின பூ வழியில் நசுங்கிவிடும் என்பதால் தபாலில் போகிறதைத் தட்டையாகவே செய்கிறேன். நேரில் கொடுப்பதற்குத்தான் ஃபோம். மார்கழி 20க்குள் பெட்டியில் போட்டுவிட்டால் காப்புக் கட்டுக்கு முன்னால் கைக்குப் போய்விடும். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் கார்த்திகையிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.