காய்ச்சல்தான் விட்டுவிட்டதே

"இனி வேலைக்குப் போகலாமா டாக்டர்?" என்று கேட்டார். "தாராளமாக. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்றேன். ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேனா, அவர் முகத்தைப் பார்த்தா என்பதுகூட இப்போது குழப்பமாக இருக்கிறது.

ஐந்து நாள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருந்தன. எந்த வைரஸ் காய்ச்சலிலும் காணக்கூடியவைதான். ஆனால் கோடைக்காலம், அவருக்குக் காட்டில் மரம் வெட்டும் வேலை. உண்ணி கடித்ததா என்று கேட்டதாகத்தான் ஞாபகம். நான் எழுதிய குறிப்பில் அப்படி ஒரு வரி இல்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றிருப்பார். உண்ணி கடிப்பது பலருக்கு உறைப்பதே இல்லை.

அனுப்பிய எட்டாம் நாள் தூக்கி வந்தார்கள். மறுபடி காய்ச்சல், கழுத்து விறைப்பு, விரல்களில் நடுக்கம். இரண்டு நாளில் வலது தோள் எழும்பவில்லை. உண்ணி மூளையழற்சி, உண்ணி கடித்துப் பரவும் ஒரு வைரஸ் மூளையைத் தாக்கும் நோய்.

இந்த வைரஸின் சூது இரண்டு காய்ச்சலுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. உண்ணியின் உமிழ்நீரோடு சில நிமிடங்களிலேயே தோலுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே காவல் நிற்கும் செல்களுக்குள்ளேயே புகுந்து, அவற்றின் முதுகிலேறி நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. பெருகி ரத்தத்தில் கலக்கும்போது முதல் காய்ச்சல். பிறகு ரத்தத்தில் அதன் ஆட்டம் அடங்குகிறது. ஆள் எழுந்து நடக்கிறார். நாங்களும் வீட்டுக்கு அனுப்புகிறோம். சிலருக்கு அதற்குள் அது மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மூளைத்தண்டு, சிறுமூளை, தசைகளை இயக்கும் தண்டுவடத்தின் முன்கொம்பு என்று நரம்பணுக்களைப் பிடிக்கிறது. கை போவது அந்த முன்கொம்பில் விழும் அடியால். வைரஸ் மட்டுமல்ல, அதை விரட்டப் போகும் டி செல்கள் என்ற நம் எதிர்ப்பு அணுக்களும் சேர்ந்தே நரம்பணுக்களைக் கெடுக்கின்றன.

அன்று எதிர்ப்பொருள் பரிசோதனை செய்திருந்தாலும் அநேகமாக ஒன்றும் தெரிந்திருக்காது. அவை பெரும்பாலும் இரண்டாம் காய்ச்சலின்போதுதான் தென்படும். ரத்தத்தில் வைரஸையே தேடியிருந்தால் அகப்பட்டிருக்கலாம். அகப்பட்டு என்ன? கொல்லும் மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு, அது கடிபடுவதற்கு முன்னால். அந்தத் தோளை நான் காப்பாற்றியிருக்க முடியாது.

அவர் மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காய்ச்சல் திரும்பவும் வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குக் கை நடுங்கியது" என்றார். காய்ச்சல் விட்ட எல்லோரையும் பயமுறுத்த முடியுமா என்று ஒரு பதில் வைத்திருந்தேன். நியாயமான பதில் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

இப்போது கோடையில் வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒன்றுமே ஆகாத சிலர், சாதாரணத் தலைவலிக்கு இரவில் வெளிறிப்போய் ஓடி வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது இதுவும் சரிதானா என்று தோன்றுகிறது.

போன மாதம் அவர் பரிசோதனைக்கு வந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, "சொல்லுங்கள் டாக்டர்" என்றார்.