செஸ் இன்ஜின் 0.00 காட்டினால் அது டிராவா?

செஸ் ஆட்டம் முடிந்த கையோடு இன்ஜினை, அதாவது நகர்த்தல்களை மதிப்பிடும் கணினி நிரலை, ஓடவிட்டு, எங்கே சிவப்புக் கேள்விக்குறி விழுந்திருக்கிறது என்று பார்ப்பதைத்தான் பலர் அலசல் என்கிறார்கள். அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. இன்ஜின் தப்பாகச் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான 14வது ஆட்டம். இந்தியாவின் குகேஷ், அன்றைய சாம்பியனான சீனாவின் டிங் லிரென் இருவரிடமும் ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். இன்ஜின் கணக்கில் டிரா. 55வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து, யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். காய்களைக் குறைத்தால் டிரா நெருங்கும் என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அவருடைய பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷின் பிஷப் டி5-ல் வந்து உட்கார்ந்தது. டிங்கின் பிஷப்புக்கு ஒதுங்க இடமே இல்லை. பிஷப்புகளும் மாறின. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். அங்கே அந்த ஒரு சிப்பாயே போதும். 58வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது.

இன்ஜின் நிலையை ஏறக்குறைய சிப்பாய்க் கணக்கில் அளக்கிறது. இரு பக்கமும் பிழையே செய்யாவிட்டால் சமம் என்பதுதான் 0.00-வின் பொருள். எந்தப் பக்கம் ஆடுவது கடினம் என்று அது சொல்லாது.

இப்படிப் பழக்கத்தில் வரும் உள்ளுணர்வு வானத்திலிருந்து குதிப்பதில்லை. 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நிஜ ஆட்டத்தின் நிலை ஒன்றை 5 விநாடி காட்டினால், மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுவார். கண்டபடி இறைத்த காய்களைக் காட்டினால், அவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணில் பதிந்த அமைப்புகள்தான் உள்ளுணர்வு. அமைப்பு பழகியதாக இருந்து, ஒரே ஒரு காய் இடம் மாறி நின்றால் அது காலை வாரும்.

இயந்திரத்துக்கு வெறும் கணக்குதான் என்பதும் பழைய பேச்சு. 1997-ல் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ என்ற கணினி விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. 2017-ல் வந்த, தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாஜீரோ என்ற நிரல் விநாடிக்கு சுமார் 80 ஆயிரத்தோடு நிறுத்திக்கொண்டு, சுமார் 7 கோடி பார்த்த ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினை வென்றது. எதைப் பார்க்க வேண்டாம் என்று அதற்குத் தெரிந்திருந்தது. 2020-ல் ஸ்டாக்ஃபிஷிலும், நிலைகளைப் பார்த்துப் பழகி மதிப்பிடும் நியூரல் நெட்வொர்க் சேர்ந்தது.

இனி அலசலுக்கு வருவோம். இன்ஜினைத் திறக்கும் முன், அதிக நேரம் யோசித்த மூன்று இடங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் மனதில் ஓடிய இரண்டு நகர்த்தல்கள், ஒன்றை ஏன் விட்டீர்கள், யாருக்கு நிலை நல்லது என்ற உங்கள் மதிப்பீடு, இவற்றை எழுதுங்கள். பிறகு இன்ஜினில் அது பரிந்துரைக்கும் நகர்த்தல் தொடர், அதாவது வரிசை, ஒன்றுக்குப் பதில் மூன்று தெரியும்படி வையுங்கள். (எண்ணின் குறி வெள்ளையின் பக்கத்திலிருந்தா, ஆடுபவர் பக்கத்திலிருந்தா என்று முதலில் பாருங்கள், இதிலேயே பலர் குழம்புகிறார்கள்.) நீங்கள் ஆடும் பக்கத்திலிருந்து பார்க்கையில் முதல் வரிசை 0.00, அடுத்தது -2.50 என்றால் நீங்கள் கயிற்றின் மேல் நடக்கிறீர்கள். மூன்றும் 0.30-க்குள் அடங்கினால் உங்களுக்குப் புரிகிற நகர்த்தலையே ஆடுங்கள். இன்ஜினின் முதல் தேர்வை மனப்பாடம் செய்வது வீண்.

எண்ணை உடனே நம்பவும் வேண்டாம். ஓரிரு நிமிடம் ஓடட்டும்; பிறகு அதன் வரிசையில் நாலைந்து நகர்த்தல் முன்னே போய்ப் பாருங்கள், எண் குதிப்பதுண்டு. +2 என்று காட்டிக்கொண்டே இருபது நகர்த்தலாக எதுவும் முன்னேறவில்லை என்றால், எதிராளி உடைக்க முடியாத கோட்டை கட்டியிருக்கலாம். ராஜாக்களையும் சேர்த்து 7 காய்களோ அதற்குக் கீழோ என்றால் மதிப்பீடே தேவையில்லை, எல்லா நிலைகளுக்கும் முன்பே கணக்கிட்டு வைத்த டேபிள்பேஸ் என்ற தரவுத்தளத்தில் முடிவு துல்லியமாக இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் ஆட நினைத்து விட்ட நகர்த்தலை ஆடி, எதிர்ப்பக்கத்தை இன்ஜினுக்குக் கொடுங்கள். அது எந்த நகர்த்தலில் உங்களை உடைக்கிறதோ, உங்கள் கண்ணுக்குப் பழகாத அமைப்பு அங்கேதான் இருக்கிறது.