ஓட்டத்துக்கு நேரம் பிடிப்பது: கையில், போனில், லேசரில்

எங்கள் ஒழுங்கைப் பெடியள் 100 மீற்றருக்குச் சொல்லும் நேரங்களைக் கேட்டால் தலை சுற்றும். பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 11.2 செக்கன் என்பான், இரண்டு கிழமை கழித்து இன்னொரு மைதானத்தில் அதே ஆள் 11.7. ஆள் மெலிந்துபோகவில்லை, நேரம் பிடித்த கைதான் மாறியது. சரி, எந்த முறை எவ்வளவு நம்பலாம் என்று நானே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் நிறுத்தற்கடிகாரம். வெடிப் புகையைக் கண்டு அமுக்க நமக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஆனால் முடிவில் ஓடிவருகிறவனைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நிற்பதால் விரல் சரியாக, சிலவேளை முந்தியே அமுக்கிவிடும். அதனால்தான் கை நேரம் பெரும்பாலும் குறைவாக வருகிறது. 100, 200 மீற்றருக்கு 0.24 செக்கன் கூட்டித்தான் மின் நேரத்தோடு (வெடியோடு தானே தொடங்கி, முடிவுக் கோட்டுக் கமராவில் பார்த்து எடுப்பது) ஒப்பிடுவார்கள். இலங்கை ஓட்டக்காரர் யுபுன் அபேகோன் 2022இல் 100 மீற்றர் ஓடிய 9.96ஐக் கையில் பிடித்திருந்தால் 9.7, 9.8 என்று வந்திருக்கும்! 400 மீற்றர் வரையான உலக சாதனைகளுக்கு 1977இலிருந்து மின் நேரம் மட்டும்தான் செல்லும் என்று வைத்ததும் இதற்காகத்தான்.

இதிலும் மோசம் சத்தம் கேட்டு அமுக்குவது. எங்கள் வெயிலுக்கு ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும், 100 மீற்றர் தாண்டி வர 0.29 செக்கன். ஊர்ப் போட்டிகளில் துவக்கு இல்லாமல் இரண்டு பலகையைச் சேர்த்து அடிப்பார்கள், புகை ஏது? பலகை சேர்வதைக் கண்ணால் பார்க்காமல் காதை நம்பினால் அந்த 0.29உம் போச்சு.

போனில் இந்தச் சிக்கல் கணக்கில் தீரும். முடிவுக் கோட்டுக்கு நேரே கமராவை நிறுத்தி, வீடியோவில் பலகைச் சத்தம் விழுந்த இடத்திலிருந்து நெஞ்சு கோட்டைத் தொடும் படம் வரை எண்ணி, 0.29ஐக் கூட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். தலையோ கையோ முந்தினால் கணக்கில்லை, உடம்புதான். செக்கனுக்கு 30 படம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் நல்ல ஓட்டக்காரன் கால் மீற்றருக்கு மேல் போய்விடுவான், அது போதாது. 240இல் மூன்று சென்ரிமீற்றர் சொச்சம்தான். ஆனால் சில போன்கள் 240இல் சத்தத்தைப் பதிவதில்லை, அதற்கு 60இல் எடுக்க வேண்டியதுதான்.

லேசரும் செய்து பார்த்தேன்: மலிவு லேசர், ஒளி உணர்வி, ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை. ஆள் ஒளியை மறைத்ததும் நேரம் பதிவாகும். வெயில் உணர்வியைக் குழப்பியதால் கறுப்பு வர்ணம் பூசிய பிவிசி குழாய்த் துண்டுக்குள் அதைச் செருகினேன். அதன் பிறகு எண்கள் துல்லியமாகத்தான் வந்தன, ஆனால் ஒளிக்கதிரை வெட்டியது நெஞ்சா வீசிய கையா என்று அதற்குத் தெரியாது. இரண்டு கதிர் மேலும் கீழுமாக வைத்து இரண்டும் சேர்ந்து மறையும்போது மட்டும் எண்ண வைத்தால் சரிவரும், அதை இன்னும் கட்டவில்லை. ஜிபிஎஸ் மணிக்கூட்டைப் பற்றி என்ன சொல்ல, செக்கனுக்கு ஒருதரம் இடம் குறிப்பது 12 செக்கன் ஓட்டத்துக்கு எதற்கு?

பயிற்சிக்கு நான் வைத்துக்கொண்டது ஓடி வந்து கடக்கும் 30 மீற்றர். தொடக்கமே இல்லாததால் வெடியும் சத்தமும் பிரச்சினை இல்லை. நடுப்புள்ளிக்கு நேரே, ஓடும் கோட்டிலிருந்து 18 மீற்றர் தள்ளிக் கமரா. கோட்டுக்கு ஒரு மீற்றர் இப்பால், கமராப் பக்கம், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இரண்டு தடி. தடியை நேராக 15 மீற்றரில் நட்டால் கமராவின் சாய்ந்த பார்வைக்குத் தூரம் கூடிவிடும், அதனால் நடுவிலிருந்து இருபுறமும் 14.17 மீற்றரில் நட வேண்டும். 3.6 செக்கன் வந்தால் மணிக்கு 30 கிலோமீற்றர். 11.2 என்று சொன்ன தம்பிக்கு 3.5 வந்தது. 11.2 ஓட 30 மீற்றருக்குச் சராசரியே 3.36 வேண்டும், அவன் இப்போது 100 மீற்றர் நேரத்தைப் பற்றிப் பேசுவதில்லை, அந்த 3.5ஐ எப்படிக் குறைப்பது என்றுதான் கேட்கிறான்.