எடை இறங்குது, எல்டிஎல் இறங்க மாட்டேங்குது

மார்ச் 4
ரிப்போர்ட் வந்துடுச்சு. மொத்த கொலஸ்ட்ரால் 238, நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற எச்டிஎல் 52, ரத்தத்துல இருக்கற இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 180, கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் 150. இந்த எல்டிஎல்ல நிறைய லேப்ல நேரா அளக்கறதே இல்லையாம், மொத்தத்துல இருந்து எச்டிஎல்லயும் ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிச்சு போட்டுடறாங்க, 1972ல வந்த ஃபிரீடுவால்ட் கணக்கு. நானும் போட்டுப் பாத்தேன், டாண்ணு வருது. ட்ரைகிளிசரைடு 400 தாண்டினா இந்தக் கணக்கு செல்லாது.

மார்ச் 9
அக்கா போன்ல ஒரே புலம்பல். அவ குச்சி மாதிரி இருப்பா, அவளுக்கு எல்டிஎல் 160! பீரியட்ஸ் நிக்கற சமயத்துல ஈஸ்ட்ரோஜன் இறங்கிடுதில்ல, அப்போ ரத்தத்துல இருந்து எல்டிஎல்ல இழுத்துக்கற லிவரோட வேலையும் மந்தமாயிடுது, அதனால ஒல்லியா இருந்தாலும் ஏறத்தான் செய்யும். கொழுப்பு வேற இடுப்பு தொடைய விட்டுட்டு வயித்துல வந்து உக்காந்துக்குது.

ஏப்ரல் 2
எண்ணெயே தொடாதேன்னு ஆளாளுக்கு சொல்றாங்க. அமெரிக்காவுல 50லேருந்து 79 வயசு வரைக்கும் 48,835 பொம்பளைங்கள வச்சு சுமார் எட்டு வருஷம் பாத்துட்டு 2006ல ரிசல்ட் விட்டாங்க, சாப்பாட்டுல மொத்தக் கொழுப்பக் குறைச்சவங்களுக்கு மாரடைப்பு ஒண்ணும் பெருசா குறையல, எல்டிஎல்லும் நாலு பாயிண்ட் கூட இறங்கல. எவ்ளோ கொழுப்புங்கறத விட எந்தக் கொழுப்புங்கறதுதான் முக்கியம்னு எனக்குப் படுது. அதனால வெண்ணெய நிறுத்திட்டேன், நட்ஸ விடல, கூட ஓட்ஸும் பயறும், அதுல இருக்கற கரையற நார் எல்டிஎல்ல கொஞ்சம் இழுத்துட்டுப் போகும்.

மே 20
72 கிலோ இப்போ 68. ட்ரைகிளிசரைடு 125! இனிப்பையும் மாவையும் குறைச்சா அதுதான் முதல்ல ஓடும். ஆனா எல்டிஎல் 141, அவ்ளோதான். எச்டிஎல் 50க்கு வந்துடுச்சேன்னு கேட்டேன், எடை இறங்கிட்டு இருக்கறப்போ அது லேசா தாழும், எடை ஒரு இடத்துல நின்னதும் ஏறும்னாங்க டாக்டரம்மா. தைராய்டும் பாக்கச் சொன்னாங்க, அது மந்தமா இருந்தா எல்டிஎல் ஏறுமாம்.

மே 23
தைராய்டு நார்மல். இன்னும் ஒரு கிலோ கூட குறைக்காதீங்கன்னு ஒரு அதட்டல் வேற, இந்த வயசுல பட்டினி கிடந்தா கொழுப்போட தசையும் சேந்து போயிடுமாம். கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாம புரோட்டீன், அதோட டம்பெல்ஸ். ஆகஸ்ட்ல மறுபடி ரத்தம் குடுக்கணும், அப்பவும் எல்டிஎல் இப்படியே இருந்தா கொலஸ்ட்ரால இறக்கற ஸ்டாட்டின் மாத்திரைய ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்காங்க, நானும் சரின்னுட்டேன்.