குண்டானுக்கு ஒரு ஒயின், கிளாஸுக்கு ஒரு ஒயின்

குழம்பில் எந்த ஒயினை ஊற்றுகிறாயோ அதையே மேசையிலும் வை என்று இங்கே பிரான்ஸின் திஜோன் நகரத்தில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெஃப் பூர்கினியோன் என்பது மூன்று மணி நேரம் சிவப்பு ஒயினில் வேகும் மாட்டுக்கறி. பூர்கோஞ் பகுதியின், அதாவது பர்கண்டியின், சிவப்பு ஒயினுக்குப் பெரும்பாலும் பினோ நுவார் திராட்சைதான். அதன் அருமையே வாசனையில் இருக்கிறது. அத்தனை நேரம் அடுப்பில் கிடந்தால் அந்த வாசனையில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். நிற்பது புளிப்பும் நிறமும் கொஞ்சம் துவர்ப்பும். அதற்குப் பத்து யூரோவுக்குள் கிடைக்கும் கோத் து ரோன் என்ற சிவப்பு ஒயின் போதும். நாலு பேருக்கு ஒரு கிலோ கறி, முழு பாட்டில் ஒயின்.

கறிக்கடையில் நான் கேட்பது பலரோன், அதாவது தோள்பட்டைத் துண்டு. நடுவில் ஒரு வெள்ளை ஜவ்வு நீளமாக ஓடும். அதை வெட்டி எறியச் சொல்லிவிடாதீர்கள், குழம்புக்குப் பிசுபிசுப்பைக் கொடுப்பதே அதுதான். பெரிய துண்டுகளாக, ஒரு தடவைக்கு ஐந்தாறு மட்டும் போட்டு நன்றாகச் சிவக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துவிடும், சிவக்காது. பன்றிக்கொழுப்புத் துண்டு, கேரட், வெங்காயம், ஒரு கரண்டி மாவு. பிறகு ஒயினை ஊற்றியதும் சுர்ரென்று சத்தம் வரும். அடியில் பிடித்திருக்கும் பழுப்பையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள், ருசி அங்கேதான் இருக்கிறது. தைம் என்ற மூலிகை, லோரியே என்ற பிரெஞ்சு மண இலை. நம்மூர் பிரிஞ்சி இலை வேறு மரம், வேறு மணம், அது வேண்டாம். தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு குமிழி வந்தால் சரி. சின்ன வெங்காயத்தையும் காளானையும் தனியாக வதக்கிக் கடைசியில் சேர்ப்பேன்.

காரைக்காலிலிருந்து வந்து பாரிஸ் பக்கம் குடியேறிய என் அத்தை ஒவ்வொரு முறையும் கேட்பார்: "ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டா என்னடா கொறஞ்சிடும்?"

"ஒயின்தான் அத்தை வீணாப்போகும். வேணும்னா மிளகு தூவிக்கோங்க."

சும்மா சொல்லவில்லை. மிளகாய்க் காரம் ஏறிய நாக்கில் ஆல்கஹால் எரியும், துவர்ப்பு இரண்டு மடங்காகத் தெரியும். காரம் இல்லாத கறியில் நடப்பதோ நேர்மாறு. நாவல்பழம் தின்றால் நாக்கு வறண்டு இழுக்குமே, சிவப்பு ஒயினில் இருக்கும் துவர்ப்புச் சத்தான டானினும் அதே வேலையைத்தான் செய்கிறது. கொழுப்பும் உப்பும் உள்ள கறி வாயில் இருந்தால் அந்த இழுப்பு அடங்கிவிடும். ஒயினின் புளிப்பு கொழுப்பை வழித்துவிட, அடுத்த கவளத்துக்கு வாய் தயார்.

ஆனால் டானின் கனமாக இருந்தால்தான் கனமான கறிக்குப் பொருந்தும் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குழம்பிலேயே ஒரு பாட்டில் ஒயின் சுண்டி நிற்கிறது; கிளாஸிலும் கனத்தை வைத்தால் சீக்கிரம் திகட்டும். நான் வைப்பது மோர்கோன், இல்லையென்றால் மூலாங்-ஆ-வான். இரண்டும் தெற்கே போழோலே பகுதியில் காமே திராட்சையில் செய்வது. பழச்சுவை, நல்ல புளிப்பு, விலையும் கட்டுப்படி.

இதில் எனக்கு ஒரு குறும்புச் சந்தோஷமும் உண்டு. 1395இல் பூர்கோஞ்சை ஆண்ட டியூக், துணிச்சல்கார ஃபிலிப், இந்தக் காமே கொடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். பினோவின் பெயரைக் கெடுக்கிறதாம். ஆனால் போழோலேயின் கருங்கல் மண்ணில் அது நன்றாகவே பிழைத்துக்கொண்டது. டியூக்கின் அரண்மனையில் இப்போது நகராட்சியும் அருங்காட்சியகமும் இருக்கின்றன, அவருடைய கல்லறைச் சிற்பமும் அங்கேதான். நான் கறி வாங்கும் லே ஆல் மார்க்கெட் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

மாடு சாப்பிடாதவர்கள் இதே முறையில் கோழி வைக்கலாம், கோக் ஓ வான் என்று அதற்கே தனிப் பெயர் இருக்கிறது. பாட்டிலைப் பரிமாற அரை மணி முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஹீட்டர் போட்ட அறையின் சூட்டில் காமே சப்பென்றாகிவிடும், 14, 15 டிகிரி சரியாக இருக்கும். தொட்டுக்கொள்ள அவித்த உருளைக்கிழங்கு. அத்தைக்கு மட்டும் சோறு.